மணி அடிப்பதற்கு முன்னே

கேரள எல்லையோரம், கொல்லயில் ஊராட்சிப் பக்கத்தில் விடியற்காலையில், ஆராதனை இல்லாத நேரத்தில், கோயில் மணி விட்டுவிட்டு இழுத்து அடித்தால் அடுப்படியில் நிற்பவர்களின் கை நின்றுவிடும். "ஆராக்கும் மரிச்சது?" என்று ஒரு குரல் மதிலைத் தாண்டிப் போகும். பதில் வருவதற்குள்ளேயே பாதிப் பேருக்கு ஊகம் இருக்கும். நெடுநாளாகப் படுக்கையில் கிடந்தவர் யார், மெடிக்கல் காலேஜிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்த கதைதான்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடக்கும். பிரீசர் பெட்டிக்குச் சொல்லியாகிவிடும். சவப்பெட்டிக் கடைக்கு அளவு போகும். கல்லறைத் தோட்டத்துக்கு மண்வெட்டியோடு இரண்டு பேர் போவார்கள். வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு விமானச் சீட்டு பார்க்கப்படும். பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலியும் கட்டன் சாயாவும் வந்து சேரும். அடக்கத்தில் ஒரு பாட்டு தமிழிலும் அடுத்தது மலையாளத்திலும் ஒலித்தால் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மரித்தவரை மரியாதையாக அனுப்பிவைப்பதில் இந்த எல்லையோர ஊர்களுக்குப் பிசகே கிடையாது.

மரிப்பதற்கு முந்திய மாதங்களில்தான் எல்லோருக்கும் வாய் அடைத்துப் போகிறது. ஸ்கேன் முடிவோடு டாக்டரின் அறைக்குள் முதலில் நுழைவது நோயாளி அல்ல, மகள். "அப்பாக்கிட்ட சொல்லாண்டாம் டாக்டரே, தாங்கமாட்டாரு" என்பாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பாவோ, அடுத்த முறை தனியே மாட்டும் நர்ஸிடம் மெதுவாகச் சொல்வார்: "எனக்க சூக்கேடு எனக்குத் தெரியாதாக்கும்? பிள்ளைகள் பயப்படும், அதான் கேக்கல்ல." இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பினால் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். புற்றுநோய்ப் பிரிவுகளில் வேலை செய்பவர்கள் அநேகமாக வாரம்தோறும் காணும் காட்சி இது. சாவுக்கு ஆயத்தப்பட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பிரசங்கம் கேட்ட வீடுகளிலும் இதுதான் நடக்கிறது.

இந்த வீடுகள் இருக்கும் கொல்லயில் ஊராட்சி நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையை ஒட்டியது. தனுவச்சபுரம் அதன் முக்கியமான ஊர். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடும் கல்குளமும் இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்தோடு போயின; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு அரசாங்கங்களுக்கு உதவியது, உறவுகளைப் பிரிக்கவில்லை. எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்தவர்களும் இந்தப் பக்கம் பெண் எடுத்தவர்களும் ஒரே துக்க வீட்டில் சந்திக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் சங்கத்தின் பணித்தளமாகப் பாறசாலை இருந்தது. ஜான் ஆப்ஸ், சாமுவேல் மெற்றீர் ஆகிய மிஷனரிகள் இங்கே ஊழியம் செய்தார்கள். இன்று சி.எஸ்.ஐ. சபைகள், 1996-இல் உருவான நெய்யாற்றின்கரை இலத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டம், 2017-இல் உருவான பாறசாலை மலங்கரைக் கத்தோலிக்க மறைமாவட்டம், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே ஜெபவீடுகள் என்று பல வழியினர் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். மரித்தவர்களுக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டால் இவர்களிடம் ஒரே பதில் கிடைக்காது. கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலத்தை நம்பி ஜெபிக்கிறார்கள். புரொட்டஸ்தாந்துகள் உயிரோடிருக்கும்போதே கணக்கு முடிகிறது என்கிறார்கள். சாவு முடிவல்ல, மரித்தோர் எழுந்திருப்பார்கள், ஒவ்வொருவரும் கடவுள் முன் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று.

நல்ல மரணம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவரைக் கேட்டால் தூரத்தில் தேட வேண்டாம். எல்லை தாண்டி மார்த்தாண்டத்துக்கு அருகே இருக்கும் நட்டாலம் போதும். 1712 ஏப்ரல் 23-இல் அங்கே பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் அரசில் உத்தியோகம் பார்த்தவர். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுப் படையாள் டிலனாய் அவருக்கு நண்பர். வீட்டில் கால்நடை மடிந்து, அடுத்தடுத்து நஷ்டம் வந்து நொந்திருந்த நேரத்தில் டிலனாய் அவருக்கு யோபின் கதையைச் சொன்னார் என்கிறது வரலாறு. எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத மனிதனின் கதை. 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்பது அவருக்கு இட்ட பெயர். அதன் பொருளைத் தமிழில் சொன்னால் தேவசகாயம். நான்கு நாள் கல்லறையில் கிடந்தபின் இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பிய மனிதனின் பெயர் அது. மரணத்தைப் பற்றிய ஒரு வாக்குறுதி அவருடைய பெயரிலேயே இருந்தது.

இந்த விசுவாசத்துக்காக 1749 பிப்ரவரியில் கைதானார். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகள்தான் இங்கே முக்கியம். எருமைமேல் பின்புறமாக உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்தார்கள், விலங்கு பூட்டினார்கள், பெருவிளையில் மரத்தில் கட்டிவைத்தார்கள். தன் முடிவு என்ன என்பது அவருக்குத் தெரியும், நாள்தான் தெரியாது. தெரிந்த மனிதர் அந்தக் காலத்தை எப்படிச் செலவழித்தார்? பார்க்க வந்தவர்களிடம் பேசினார். ஆறுதல் தேடி வந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னார். ஜெபித்தார். கடைசி இரவில் மலைக்குக் கொண்டுபோனபோது, சுடுவதற்கு முன் சற்று ஜெபிக்க நேரம் கேட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அவர் விழுந்தபோது ஒரு பாறை பெயர்ந்து மணியோசை எழுப்பியது என்று மக்கள் நம்புகிறார்கள். மணியடிச்சான் பாறை என்று அதற்குப் பெயர். யாத்திரைக்குப் போகிறவர்கள் இன்றும் ஒரு சிறு கல்லால் அதைத் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறார்கள். எலும்புகள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இதைப் படித்துவிட்டு, அவர் வேதசாட்சி, நமக்கும் அதற்கும் என்ன என்று நினைப்பது எளிது. ஆனால் நான்காம் கட்டப் புற்றுநோய் என்று எழுதிய தாளைக் கையில் வாங்கும் எவருக்கும் தேவசகாயத்தின் அதே நிலைதான்: முடிவு தெரியும், நாள் தெரியாது. ஒரு வித்தியாசம் உண்டு. தேவசகாயத்திடம் யாரும் உண்மையை மறைக்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களிடம் மறைக்கிறோம். அந்த மூன்று ஆண்டையோ மூன்று மாதத்தையோ நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். வேதாகமத்தில் எசேக்கியா ராஜா வியாதியாய்க் கிடந்தபோது ஏசாயா தீர்க்கதரிசி நேராக வந்து, வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்தும்படி சொல்கிறார். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறார், ஜெபிக்கிறார். அழுகைக்கும் ஜெபத்துக்கும் வழி திறந்தது அந்த உண்மையைச் சொன்னதால்தான்.

கிறிஸ்தவ மரபு உண்மையில் சாவைப் பற்றி வெட்கப்படாத மரபு. ஜெபமாலையில் அருள்நிறை மந்திரம் ஒவ்வொரு தடவையும் மரண நேரத்துக்கான வேண்டுதலோடு முடிகிறது. ஐந்து பத்துமணி சொல்லும் கத்தோலிக்கப் பாட்டி, அறிந்தோ அறியாமலோ, ஒரு மாலையில் 53 முறை தன் சாவை வாயால் சொல்லிவிடுகிறார். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணான மனிதன் மண்ணுக்குத் திரும்புவான் என்று நினைவூட்டுகிறார்கள். குழந்தைக்கும் பூசுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சூசையப்பர் நல்மரணத்தின் பாதுகாவலர். இயேசுவும் மரியாளும் பக்கத்தில் இருக்க மரித்தவர் என்பது மரபு. யாரும் தனியாகச் சாகக்கூடாது என்ற ஆசை அந்தப் பக்தியில் இருக்கிறது. புரொட்டஸ்தாந்துப் பக்கத்தில், ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியமாகத் தமிழுக்குத் தந்தார். யாத்திரிகன் கடைசியில் கடக்க வேண்டியது சாவு என்ற ஒரு நதி. அதைக் கடக்காமல் நகரத்துக்குள் போக முடியாது.

இதைவிடப் பழைய ஒரு கையேடும் உண்டு. 14-ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோய் ஐரோப்பாவை வாரிக்கொண்டு போனது. சாகிறவர்களிடம் போகப் போதிய குருக்கள் இல்லை. அந்த நினைவு ஆறாத 15-ஆம் நூற்றாண்டில், 'ஆர்ஸ் மோரியெந்தி', அதாவது சாகும் கலை, என்ற சிறு நூல் மரக்கட்டைப் படங்களோடு பரவியது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். சாகும் படுக்கையில் ஐந்து சோதனைகள் வரும் என்கிறது அது: விசுவாசம் தளர்வது, நம்பிக்கை இழப்பது, பொறுமை போவது, நான் நல்லவன் என்ற பெருமை, சொத்தையும் சொந்தத்தையும் விட மனமில்லாமை. ஒவ்வொன்றுக்கும் மாற்று என்ன, பக்கத்தில் இருக்கும் நண்பன் என்ன கேட்க வேண்டும், எதை ஜெபிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. ஐந்நூறு ஆண்டு கழித்தும் அந்தப் பட்டியலில் எதையும் நீக்கத் தோன்றவில்லை. நல்ல மரணம் என்பது நோயாளி ஒருவரே செய்து முடிக்கும் வேலை அல்ல, பக்கத்தில் உட்காருகிறவருக்கும் அதில் பங்கு உண்டு என்று அன்றே தெரிந்திருந்தது.

வலி தாங்காமல் கத்துகிறவரிடம் நித்தியத்தைப் பற்றிப் பேச முடியாது. இதை நவீன உலகுக்குச் சொன்னவர் லண்டனைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாகத் தொடங்கி, மருத்துவச் சமூகப் பணியாளராகி, பிறகு டாக்டருக்குப் படித்தவர். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. 1948-இல் அவர் கவனித்துவந்த போலந்து யூத அகதி டேவிட் தாஸ்மா சாகும்போது, சாண்டர்ஸ் கட்டப்போகும் வீட்டில் தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்று 500 பவுன் விட்டுச்சென்றார். அந்த ஜன்னலைச் சுற்றி ஒரு வீடு எழும்ப 19 ஆண்டுகள் ஆயின. 1967-இல் திறந்த, சாகும் நிலையில் உள்ளவர்களைப் பராமரிக்கும் அந்தச் சாந்திமனைக்கு வழிப்போக்கர்களின் பாதுகாவலரான புனித கிறிஸ்டோபரின் பெயர். உடல் வலி, மன வலி, குடும்பக் கவலை, ஆன்மாவின் கலக்கம் நான்கும் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்றார் சாண்டர்ஸ். ஒன்றை விட்டு ஒன்றைத் தீர்க்க முடியாது.

இந்தியாவில் அந்தப் பாதையின் முதல் சாந்திமனை 1986-இல் மும்பையில் திறந்த சாந்தி அவேத்னா சதன். அதை வீட்டு வாசல் வரை கொண்டுவந்தது கேரளம். 1993-இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலிநிவாரண கிளினிக், ஊர்க்காரர்களே தொண்டர்களாகச் சேரும் இயக்கமாக வளர்ந்தது. 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற அமைப்பு உருவானது. 2008-இல் கேரள அரசு பாலியேட்டிவ் கேர் எனப்படும் இந்த வலிதணிப்புப் பராமரிப்புக்குத் தனிக் கொள்கை வகுத்தது. 2022-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் மரணம் பற்றிய ஆணையம் உலகத்துக்குக் காட்டிய உதாரணங்களில் கேரளமும் ஒன்று. 1985-இன் போதைப்பொருள் சட்டத்தால், கடும் வலியைத் தணிக்கும் மார்பின் கிடைப்பது மிகவும் கடினமாகிப்போயிருந்தது. 2014-இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியதற்குப் பின்னால் இந்த இயக்கத்தின் நீண்ட போராட்டம் இருக்கிறது.

ஊராட்சியின் பாலியேட்டிவ் நர்ஸ் ஒரு வீட்டுக்குள் வரும்போது அவருடைய பையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கையுறை, பஞ்சு, துணிக்கட்டு, மாற்ற வேண்டிய கதீட்டர், சில மாத்திரைகள். செருப்பைத் திண்ணைக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, முதலில் கட்டில் ஓரத்தில் உட்காருவார். "அம்மச்சி, ராத்திரி உறங்கினீங்களா?" பிறகுதான் பக்கவாட்டில் திருப்பி இடுப்புப் பகுதியைப் பார்ப்பார். படுக்கைப் புண் சிவப்பாகத் தொடங்கியிருந்தால் மகளைக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று கையைப் பிடித்துக் காட்டுவார். புண்ணைக் கழுவும்போது அம்மச்சி முனகினால் நிறுத்துவார், காத்திருப்பார், மறுபடி தொடங்குவார். மாலையில் சபையிலிருந்து நான்கு பெண்கள் பாட்டுப் புத்தகத்தோடு வருவார்கள். காலையில் நர்ஸ் வருகிறார், மாலையில் ஜெபக் குழு வருகிறது. சாண்டர்ஸ் சொன்ன நான்கு வலிகளுக்கும் ஒரு நாளுக்குள் யாரோ ஒருவர் வந்துவிடுகிறார்கள். இதைத்தான் சபைகள் பிரசங்க மேடையிலிருந்து ஊக்கப்படுத்த வேண்டும்.

கிறிஸ்தவன் கடைசி வரை எல்லாச் சிகிச்சையும் செய்தே தீர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வென்டிலேட்டரை வேண்டாம் என்றால் பாவமாகிவிடுமோ என்று பயந்து நிலத்தை விற்ற குடும்பங்கள் உண்டு. திருச்சபையின் போதனை அப்படி இல்லை. கருணைக்கொலையை அது கண்டிப்பாக மறுக்கிறது. ஆனால் 1957-இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மயக்கமருந்து டாக்டர்களிடம் பேசும்போது, அசாதாரணமான சிகிச்சை முறைகளை ஏற்கும் கடமை யாருக்கும் இல்லை என்றார்; வலியைப் போக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கும் என்றாலும் கொடுக்கலாம் என்றார். பலன் இல்லாத, பாரமான சிகிச்சையை நிறுத்துவது கொலையும் அல்ல, அவிசுவாசமும் அல்ல.

இந்தியச் சட்டமும் இப்போது இதற்கு இடம் தருகிறது. 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றம், கண்ணியமாக மரிப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று சொல்லி, லிவிங் வில் எனப்படும் முன்விருப்பப் பத்திரத்தை ஏற்றது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. நடைமுறையில் அது பெரும்பாடு. 2023 ஜனவரி 24-இல் அது எளிதாக்கப்பட்டது. சுயநினைவுள்ள, வயது வந்த எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும். தன்னால் பேச முடியாதபோது தனக்காக யார் பேச வேண்டும் என்று அதில் பெயர் குறிப்பிடலாம். மூத்த மகனும் இளைய மகளும் ஐ.சி.யூ. வாசலில் சண்டை போடாமலிருக்க அந்த ஒரு பெயர் போதும்.

சொத்து விஷயம் இன்னும் கசப்பானது. அடக்கம் முடிந்து நாற்பது நாள் ஆகுமுன் வரப்பு வழக்கு தொடங்கிய வீடுகளை எல்லா ஊரும் அறியும். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டம். திருவிதாங்கூரின் பழைய 1916 சட்டத்தை ஒதுக்கி, மகளுக்கும் சமபங்கு என்று உறுதிசெய்தது 1986-இன் மேரி ராய் தீர்ப்பு. உயிலுக்கு, இங்கே ஒஸ்யத்து என்பதற்கு, முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒன்றில் பலர் ஏமாறுகிறார்கள்: சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவருக்கோ அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ அதே உயிலில் எழுதிய பங்கு செல்லாது.

கிறிஸ்தவர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் கோயிலுக்கோ தருமத்துக்கோ உயில் எழுதினால், சாவதற்குக் குறைந்தது 12 மாதங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும் என்றது அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு. சாகும் பயத்தில் சொத்தைக் கோயிலுக்குத் தந்துவிடுவார்களோ என்ற பழைய ஆங்கிலேயச் சந்தேகத்தின் எச்சம் அது. கேரளத்துக் குருவான ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இன்று தடை இல்லை. ஆனாலும் பயத்தில் கொடுக்கும் நிலத்தைவிட, பேசாமல் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது நித்தியத்துக்கு அதிக ஆயத்தம். சிலுவையில் தொங்கியபோது இயேசு செய்த கடைசிக் காரியங்களில் ஒன்று, தாயைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஒப்படைத்தது. மோட்சத்துக்குப் போகிறவர் வீட்டுக் காரியத்தை மறக்கவில்லை.

அடக்கமா தகனமா என்ற கேள்விக்கும் பதில் தெரிந்திருப்பது நல்லது. கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதல் தகனத்தை அனுமதிக்கிறது. சாம்பலைத் தூவிவிடாமல் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் தெளிவுபடுத்தியது. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், ஆலப்புழா இலத்தீன் மறைமாவட்டம் தொற்றால் மரித்தவர்களைத் தகனம் செய்து சாம்பலைக் கல்லறையில் அடக்கம் செய்ய வழிசெய்தது. உயிர்த்தெழுதலுக்கு எலும்பு முழுசாக இருக்க வேண்டும் என்பது போதனை அல்ல. கண்தானம் செய்தவர் மோட்சத்தில் குருடராக எழும்ப மாட்டார்.

நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தும் கூட்டங்கள் இந்தப் பகுதியில் குறைவில்லை. கன்வென்ஷன் பந்தலில் இடி போல் முழங்கும் பிரசங்கம் சிலரை மனந்திருப்பியிருக்கலாம். ஆனால் சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் அந்தக் குரல் வேண்டாம். அங்கே வேண்டியது அந்த வேதனையை அறிந்த ஒருவர். குமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் அறுவைசிகிச்சை செய்த ஹோவர்ட் சாமர்வெல்லை மூத்தவர்கள் இன்றும் நினைக்கிறார்கள். 1924-இல் எவரெஸ்டில், 8,500 மீட்டரை நெருங்கிய உயரம் வரை ஏறிவிட்டு இறங்கும் வழியில், அவருடைய தொண்டை அடைத்து மூச்சு நின்றது. முன்னே போன நண்பர் திரும்பிப் பார்க்கவில்லை. சாகத் தயாராகப் பனியில் உட்கார்ந்தார். கடைசி முயற்சியாக நெஞ்சை அழுத்தி இருமியபோது அடைப்பு வெளியே வந்து விழுந்தது, உயிர் திரும்பியது. அந்த மனிதர்தான் பிறகு நெய்யூரில் ரேடியம் சிகிச்சையோடு புற்றுநோயாளிகளைக் கவனித்தார். மூச்சு முட்டுவது என்ன என்று உள்ளிருந்தே அறிந்த டாக்டர்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மாலையில் கல்லறைத் தோட்டங்கள் மெழுகுவர்த்தியால் நிறையும். கல்லறைத் திருநாள் கொண்டாடாத சபையினரும் குடும்பக் கல்லறையைக் கழுவிப் பூ வைக்கும் நாள் ஒன்று வைத்திருப்பார்கள். திரும்பி வந்து சாயா குடிக்கும்போது அப்பாவிடமும் அம்மாவிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். நோய் முற்றினால் ஆஸ்பத்திரியா வீடா? உங்களால் பேச முடியாமல் போனால் யார் பேச வேண்டும்? யாரையாவது பார்க்க வேண்டும், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று மனதில் இருக்கிறதா? பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் ஏற்கெனவே படுக்கையில் ஒருவர் இருந்தால் ஊராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்யுங்கள். பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கு வருவார், அதற்குக் கட்டணம் கிடையாது.